திருப்பிப் போட்ட ரயில்

மனைவியும் நானும் ஒரே ரயிலில் போகலாம். ஒரே அறையில் போகக் கூடாது. மேவிஸுக்கு லண்டனில் ஒரு தொப்பிக் கடையில் வேலை கிடைத்த அன்று நான் எடுத்த தீர்மானம் இது. வாய் திறந்து சொல்லவில்லை. வாய் திறந்து சொன்ன எந்தத் தீர்மானமும் எங்கள் வீட்டில் பிழைத்ததில்லை.

என் காரணத்தைக் கேளுங்கள். எங்கள் காலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் அறை அறையாகத் தடுத்தது. அறைக்கு இரண்டு பக்கமும் கதவு. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வழி கிடையாது. எங்கள் ஊர் வில்லோஹெத் நிலையம்தான் கடைசி நிறுத்தம். அதற்குப் பிறகு லண்டன்தான். ஏறினால் ஏறியதுதான்.

முன்னாலிருந்து இரண்டாவது பெட்டியின் நடு அறை, புகை பிடிப்பவர்களுக்கு. அதில் தினமும் அதே கனவான்கள், அதே இடங்களில். முந்தைய நிலையங்களிலேயே ஏறிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் மிஸ்டர் ஓக்ஷாட். என் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். மாடியில் தனியறையில் இருப்பவர். தற்காலிகக் குமாஸ்தாவான என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் பேனாவில் இருந்தது.

அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. ஒருநாள் ஒருவர் தும்மினார். மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை.

எனக்கு அது சொர்க்கம். என் அப்பா கரி மூட்டை சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாயைத் திறந்தால் கரி கொட்டிவிடுமோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். பேசாமலே மரியாதை சம்பாதிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். புகை பிடிக்கத் தெரியாத நான் காலி பைப்பைக் கவ்விக்கொண்டு, முதலில் நின்றேன். பிறகு இருவர் நடுவில் நசுங்கினேன். கடைசியில், ஓக்ஷாட்டுக்கு எதிரே இருந்த மூலை சீட்டை எனக்காகக் காலியாக விட்டு வைக்க ஆரம்பித்தார்கள். இனி அவர் என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தால் போதும். வேலை நிரந்தரம். அந்தத் தலையசைப்புக்காகச் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காத்திருந்தேன்.

மேவிஸோ பேசுவாள். பால்காரரிடம் பேசுவாள். பால்காரரின் குதிரையிடமும் பேசுவாள். குதிரை பதில் சொல்வதாக வேறு சொல்வாள்.

"நாம சேந்தே போலாம்ல, கண்ணு?" என்றாள் முதல் நாள்.

"போலாமே. நீ மட்டும் பின்னாடி ஏறிக்க. கடைசியிலேருந்து ரெண்டாவது பெட்டி, நடு அறை. 'பெண்களுக்கு மட்டும்'னு கண்ணாடியில ஒட்டியிருக்கும்."

"நீ?"

"நான் முன்னாடி."

"எதுக்குப் பிரிஞ்சு போகணும்?"

"பின்பெட்டிதான் பாதுகாப்பு. வண்டி எதுலயாவது மோதினா முன்னாடி இருக்கிறவன்தான் போவான்."

"நீ போனாப் பரவாயில்லையா?"

"உனக்காக, மேவிஸ்."

அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. விபத்து நடந்தால் உண்மையாகிவிடக் கூடிய ஒன்றைத்தான் சொன்னேன்.

சில வாரங்கள் நிம்மதியாக ஓடின. ஒருநாள் மாலை மேவிஸ் வழக்கம்போல எனக்கு முந்தைய ரயிலில் வீடு வந்து, தேநீர் போட்டு வைத்திருந்தாள்.

"சிரில், ஒரு சந்தேகம். ரயில்ல பெட்டிங்க எல்லாம் தினமும் அதே வரிசைதானா?"

கல்யாணமான நாளாக மேவிஸ் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மலர்ந்துபோனேன். தட்டில் ஆறு பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கினேன்.

"இந்தப் பக்கம் லண்டன். இது முதல் பெட்டி, பாதி சாமானுக்கு. ரெண்டாவதுல நான். நடுவுல இருக்கிற ரெண்டும் முதல் வகுப்பு. அஞ்சாவதுல நீ. கடைசியில கார்டு."

"எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க! சரி, வண்டி முழுசா இப்படித் திரும்பிட்டா?" தட்டை அப்படியே சுற்றி வைத்தாள்.

"அப்போ உன் பெட்டி என் இடத்துல நிக்கும். என் பெட்டி உன் இடத்துல நிக்கும். ஆனா அதெல்லாம் நடக்காது. இஞ்சினை வேணா கழட்டி அந்தப் பக்கம் மாட்டுவாங்க. பெட்டி வரிசைய மாத்த மாட்டாங்க. அது என்ன விளையாட்டா?"

"நடக்கவே நடக்காதா?"

"நடக்கவே நடக்காது."

"படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முதல் வகுப்பு இரண்டையும் எடுத்துத் தின்றுவிட்டாள்.

மறுநாள் காலை நடைமேடையில் அவள் பின்பக்கம் போனாள். நான் என் விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றேன். ரயில் வந்தது. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பிடியைத் திருப்பினேன், ஏறினேன், கதவைச் சாத்தினேன், மூலையில் உட்கார்ந்தேன்.

"ஐயோ, என் ஸ்வெட்டரு!"

எழுந்தேன். பெண்கள். எதிரே பெண்கள். பக்கத்தில் பெண்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த 'பெண்களுக்கு மட்டும்' உள்ளிருந்து பார்க்க இடம் வலமாக மாறித் தெரிந்தது. ரயில் கிளம்பிவிட்டது.

"மன்னிக்கணும். பெட்டி... வரிசை..." என்றேன்.

"உக்காருங்க சிரில்" என்றார் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள். "நான் மிசஸ் டக்வெல். மேவிஸ் உங்களைப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கா."

"எல்லாம்னா?"

"கம்பளிப் பனியன் அரிக்குதாமே, இப்போ தேவலையா?"

"தூக்கத்துல 'வணக்கம் மிஸ்டர் ஓக்ஷாட், வணக்கம் மிஸ்டர் ஓக்ஷாட்'னு சொல்லிப் பாக்குறீங்களாமே?" என்றது இன்னொரு குரல்.

"மேவிஸ் எங்க?"

"எங்கேயா? உங்க மூலையிலதான்!"

அறை முழுக்கச் சிரித்தது. இறங்க வழியில்லை. அடுத்த அறைக்கு ஓடவும் வழியில்லை. மிசஸ் டக்வெல் என் பைப்பைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார். "சும்மாதானே இருக்கீங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க." நீட்டினேன். கம்பளி நூல் கண்டை என் கைகளில் மாட்டி, லண்டன் வரை பந்து சுற்றினார். ஒரு தடவை கை தாழ்ந்தது. "நேரா பிடிங்க, பட்டதாரி!"

இறங்கி, டிக்கெட் பார்க்கும் வாசலில் நின்றேன். பின்பெட்டிகளிலிருந்து கூட்டம் வந்தது. நடுவில் மேவிஸ். சுற்றிலும் என் கனவான்கள். ஒருவர் அவள் கூடையைச் சுமந்தார். ஒருவர் தன் பேரனின் அம்மை நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓக்ஷாட் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மேவிஸை ஓரமாக இழுத்தேன். "என்ன இது?"

"பாலத்துல வேலை நடக்குதாம். வண்டி நேத்து வேற பாதையில சுத்தி வந்ததுல மொத்தமாத் திரும்பிடுச்சு. நேத்து சாயங்காலம் அதுலதானே நான் வந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானே ஆரம்பிச்சேன்! நடக்கவே நடக்காதுன்னுட்டியே. படிச்சவன்கிட்ட எதுக்கு வாதாடணும்?"

அதற்குள் ஓக்ஷாட் அருகே வந்துவிட்டார். நான் தொப்பியைத் தூக்கினேன்.

"நீங்கதான் மிசஸ் டென்னெட்டோட கணவரா?"

"ஆமா சார். உங்க எதிர் சீட்டுலதான் தினமும்..."

"ஓ, அந்தச் செய்தித்தாளா!" என்றார். "டென்னெட்ங்கிற ஆளைப் போன மாசமே நிரந்தரம் பண்ணிட்டேன். கூப்பிட்டுச் சொல்லலாம்னா, அது யாருன்னுதான் தெரியல."

எனக்குக் கண் கலங்கியது. அவர் தலையசைத்தார். நான் இத்தனை நாள் ஏங்கிய அதே தலையசைப்பு. நாலடி போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த மூலை சீட்டு இனிமே மிசஸ் டென்னெட்டுக்குன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க நாளையிலேருந்து வேற அறை பாத்துக்கங்க."