பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு நீக்கல் அறிவிப்பு

சம்பளமில்லாத அதிகாரம் இருக்கிறதே, அதைப்போல மனிதனை ஆட்டிவைப்பது வேறில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் தன்னார்வத் தொகுப்பாளன். எந்தக் கட்டுரை இருக்கலாம், எது போகலாம் என்று தீர்ப்புச் சொல்லும் கூட்டத்தில் ஒருவன். (மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டில் எனக்குத் தேங்காய் வாங்கும் அதிகாரம்கூடக் கிடையாது.)

அன்று காலை 'கூதல் காத்து' என்ற இசைத்தொகுப்பைப் பற்றிய கட்டுரைக்கு, "குறிப்பிடத்தக்கதல்ல, நீக்கலாம்" என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு, அம்மாவோடு ஹந்தானைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

கதிரையில் உட்கார்ந்து வடையைக் கடித்தேன். பெண்ணின் அண்ணன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னாங்க, தம்பி ஒரு மாதிரி இருக்காரு?" அம்மா விசாரித்தார்.

"இவன் பாடின 'கூதல் காத்து' பத்தி கூட்டாளி ஒருத்தரு இணையத்துல எழுதியிருந்தாருங்க. அதத் தூக்கணும்னு இன்னைக்கு எவனோ வேலவெட்டி இல்லாதவன் எழுதிப்புட்டான்" என்றார் பெண்ணின் அப்பா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "அப்படிச் சொல்லாதீங்க. விதின்னு ஒன்னு இருக்கு. வீட்டாள், கூட்டாளி இல்லாம, வெளியாள் யாராவது பத்திரிகையில விரிவா எழுதியிருக்கணும்..." என்று முழுவதையும் ஒப்பித்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வேலவெட்டி இல்லாதவரு நீங்கதானா?" தேத்தண்ணித் தட்டோடு வந்த மலர்விழி கேட்டாள். பெண் அவள்தான். அந்தக் கணமே எனக்குப் பிடித்துவிட்டது. போச்சுடா, எல்லாம் போச்சு!

"பாட்டைக் கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேக்காமலேயா! அண்ணே, போடுங்க."

தப்பு மேளம் அதிர்ந்ததும் என் கால் தானாகத் தாளம் போட்டது. பிரமாதமான பாட்டு. சொன்னேன்.

"நீங்க வெளியாள்தானே? நீங்களே பத்திரிகைக்கு எழுதுங்களேன்" என்றார் அண்ணன், முகம் மலர்ந்து.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுத வேண்டுமானால் கடைசிவரை வெளியாளாகவே இருக்க வேண்டும். எனக்கோ மலர் வேண்டும். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீடு வந்ததும் அந்தக் கட்டுரையின் நீக்கல் உரையாடல் பக்கத்தில் நேர்மையாக எழுதினேன்: "பாடகரின் தங்கையைத் திருமணம் செய்ய விரும்புகிறேன். ஆகவே இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. விலகுகிறேன்."

அம்மாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், வீட்டாரைக் கூட்டிவைத்துச் சத்தமாக வாசித்திருக்கிறார். அம்மாவின் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"எங்களுக்கும் சம்மதந்தாங்க!"

"எதுக்குங்க?" என்றார் அம்மா.

மற்றத் தொகுப்பாளர்கள் கட்டுரையை நீக்கிவிட்டார்கள். உரையாடல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கல்யாண நாளிலும் மச்சான் அதன் இணைப்பை எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறார். நான் குழம்பு நன்றாயிருக்கிறது என்றால் மலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"நீங்க வீட்டாளு. வெளியாள் யாராவது சொல்லட்டும்."