கீழவீதியில் தெரியாத நாற்பது கணக்குகள்

தான் செய்ததைத் தானே சரிபார்ப்பவர் கண்ணில் தவறு படுவதே இல்லை. கணக்கு டீச்சரான நான் இதை வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். (எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.)

2008. மகள் சுதா சிதம்பரத்தில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். கணக்கில் ஒரு அரியர். மறுநாள் காலை பரீட்சை. அதில் தேறினால்தான் கல்லூரியிலேயே கிடைத்திருந்த வேலை நிலைக்கும். அவள் கேட்ட நாற்பது கணக்குகளையும் நோட்டில் போட்டு வைத்திருந்தேன்.

“ஜெராக்ஸ் எடுத்து பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள போயிடும்” என்றார் கணவர்.

கண்டக்டரா! நான் அப்போதுதான் கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் பக்கம் செய்யக் கற்றிருந்தேன். பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் அப்படியே தட்டினால் பக்கத்தில் இடிந்த படிக்கட்டு மாதிரி விழும். அதனால் ஒவ்வொரு சமன்பாட்டையும் படமாக்கி ஒட்டி, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே இணையத்தில் ஏற்றினேன். பத்து முறை திறந்து பார்த்தேன். கணவரையும் பார்க்க வைத்தேன், அதே கம்ப்யூட்டரில்.

நான்கு மணிக்கு, கீழவீதி பிரவுசிங் சென்டரிலிருந்து சுதா போனில் பேசினாள்.

“அம்மா, கணக்கே காணோம். கட்டம் கட்டமா செவப்பு இன்ட்டு மார்க்குதான் இருக்கு.”

“இங்க நல்லா தெரியுதேடி! அந்தக் கம்ப்யூட்டர் ஓட்டை. வேற சென்டர் போ.”

தெற்கு வீதிக்குப் போனாள். அங்கும் இன்ட்டு மார்க். மேலவீதிக்கு விரட்டினேன்.

“நோட்டை அப்பாகிட்ட குடுத்து உடேம்மா.”

“ரெஃப்ரெஷ் பண்ணுடி.”

“பண்ணிப் பண்ணி வெரலு தேஞ்சிடுச்சி. ஆறரைக்கு ஹாஸ்டல் கேட்டு மூடிடுவாங்கம்மா” என்றவள் அழத் தொடங்கினாள்.

கணவர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் போவதற்குள் கேட் மூடிவிட்டது. வாட்ச்மேன் நோட்டை வாங்கி வைத்துக் காலையில்தான் கொடுத்தார். பரீட்சைக்கு முன் நாற்பது கணக்குக்கும் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

தேறவில்லை. வேலையும் போயிற்று.

பிறகு, எனக்குக் கற்றுக்கொடுத்த சென்டர் மாஸ்டர் என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “படத்தையெல்லாம் உங்க வீட்டு கம்ப்யூட்டரோட சி டிரைவ்லருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க மேடம். உலகத்துல உங்க வீட்ல மட்டும்தான் தெரியும்.”

சுதா அடுத்த முறை எழுதித் தேறினாள். அந்த மாதிரி வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது நான் எதையாவது அடித்துச் சொன்னால் அப்பாவும் மகளும் ஒரே குரலில், “இங்க நல்லா தெரியுதேடி!” என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அவள் நிஜமாகத்தான் சிரிக்கிறாளா என்று ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.