கியர் மாத்தணும்

“அப்படியேவா சொன்னான்? வார்த்தை மாறாம சொல்லு.”

கோலப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார். கிருஷ்ணவேணி ரசப் பாத்திரத்துடன் நின்றுகொண்டிருந்தாள். மஸ்கட்டிலிருந்து அவளுடைய தம்பி தாணுமாலையன் பேசி, பாதியில் போன் கட்டாகிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது.

“அப்படியேதான். ‘அத்தான்கிட்ட சொல்லு, கியர் மாத்தணும். கியர் மாத்தாம வண்டிய வெளிய எடுக்கப்பிடாது’ன்னான். பொறவு கொரகொரன்னு கேட்டுது. லைன் போயிட்டு.”

“கியர் மாத்தணும்.”

“ஆமா.”

“நான்.”

“நீங்கதான். அத்தான்னு அவனுக்கு வேற ஆரு இருக்கா?”

கோலப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். சாலைக் கம்போளத்தில் ஒரு பெரிய துணிக்கடையில் அவர் தலைமைக் கணக்கர். முதலாளியே அவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தியது கிடையாது. அம்பாசடர் ஓட்டி, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் குற்றாலத்துக்கும் பழனிக்கும் குடும்பத்தையே கூட்டிப்போய்த் திரும்பியவர். இந்தத் தாணுமாலையன் அப்போது நிக்கர் போட்டுக்கொண்டு பின் சீட்டில் வாந்தி எடுத்தவன். அவன் இப்போது கடல் தாண்டி இருந்துகொண்டு, அத்தானுக்குக் கியர் மாற்றச் சொல்லித் தருகிறான்!

அக்கிரமம் என்றால் சாதாரண அக்கிரமம் இல்லை.

வண்டி அவனுடையதுதான், மறுப்பதற்கில்லை. போன லீவில் வந்தபோது வாங்கினான். ரத்தச் சிவப்பு, ஆயிரத்து அறுநூறு சி.சி. காலை வைத்தால் பாய்கிற சாதி. லீவு முழுக்கக் கோவளத்துக்கும் பொன்முடிக்கும் பறந்துவிட்டு, “சும்மா கெடந்தா கெட்டுப்போவும். நீங்க எடுத்து ஓட்டுங்க அத்தான்” என்று மணக்காட்டு வீட்டுப் போர்ட்டிகோவில் விட்டுப் போனான்.

அந்த வண்டியோடு கோலப்பனுக்கு ஒரு சின்னத் தகராறு இருந்தது உண்மை. ஒன்றாவது விழும், இரண்டாவது விழும். மூன்றாவதற்குத் தள்ளினால், இரும்புச் சட்டியைத் தோசைத் திருப்பியால் சுரண்டுகிற சத்தம் வரும். எதற்கு வம்பு என்று அவர் இரண்டாவது கியரிலேயே கடைக்குப் போய் இரண்டாவது கியரிலேயே திரும்பிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஊளையிடுவது மணக்காடு முழுக்கக் கேட்கும். அது மஸ்கட் வரைக்கும் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

“எவனோ போட்டுக் குடுத்திருக்கான். நான் கியரே மாத்தமாட்டேன்னு சொல்லியிருக்கான்” என்றார். “அடுத்த மாசம் அவன் நாகர்கோவில் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்.”

கிருஷ்ணவேணியின் முகம் சுருங்கிவிட்டது. “புது வீட்டுக்குள்ள பாலைத் தூக்கிட்டு நான்லா மொதல்ல காலு வைக்கணும்? அவனுக்கு நான் ஒருத்திதானே அக்கா? நீங்க வராம நான் மட்டும் போயி நின்னா நாலுபேரு என்ன கேப்பா?”

அழுகை வந்ததும் கோலப்பன் ஒரு படி இறங்கினார். ஒரே படிதான்.

“சரி, வாறேன். ஆனா ஏர்போர்ட்ல இருந்து அவன நான்தான் கூட்டிட்டு வருவேன். அவன் வண்டியில. அவன் கண்ணு முன்னால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு மாத்திக் காட்டுவேன். அதுக்குப் பொறவும் ஒரு வார்த்தை சொன்னான்னா, நீயும் இல்ல, நானும் இல்ல, பால்காய்ச்சும் இல்ல.”

ஆக, ஒரு குடும்பத்தின் உறவே அந்த மூன்றாவது கியரில் வந்து தொங்கியது.

இன்ஜினியரிங் படிக்கும் மகள் கலைச்செல்வி முதலில் முன்வந்தாள்.

“அப்பா, நீங்க நேரத்தே மாத்துறீங்க, ரொம்ப முன்னாடியே. அதான் ப்ராப்ளம். இது அம்பாசடர் அல்லல்லோ. இதில எஞ்சின் வேகமா கறங்கணும். ஆர்.பி.எம். முள்ளு மூவாயிரம் தாண்டட்டே, பின்னே மாத்துங்க.”

“எனக்குப் படிப்பிச்சுத் தாறியா நீ?”

“மாமன் முன்னாடி நாணங்கெட்டு நிக்கணுமா?”

அந்த ஒரு கேள்வியில் கோலப்பன் அடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் காலை சங்குமுகம் கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். அவர் இரண்டாவதில் போட்டு மிதித்தார். வண்டி சீறியது. முள் மெல்ல ஏறியது. அவர் முள்ளைப் பார்த்தார். முள்ளையே பார்த்தார். மூவாயிரம் எப்போது வருமென்று, மழைக்குக் காத்திருப்பவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா! ரோடு! ரோடு!”

மூவாயிரம் வந்தது. கூடவே நடைபாதையும் வந்தது. அவர் மூன்றாவதற்குத் தள்ள, சட்டி சுரண்ட, வண்டி நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, கடலை வண்டியைச் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றது. பொட்டலங்கள் மணலில் சிதறின.

கடலைக்காரன் ஓடிவந்தான். “சாரே! கண்ணு எவிடெயா வச்சிருக்குந்நது?”

“மூவாயிரத்துல!” என்று கத்தினார் கோலப்பன்.

கடலைக்காரன் கலைச்செல்வியைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் கீழே இறங்கிப் பொட்டலங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் சரோஜம் வந்தாள். மணக்காட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள்; பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவள். மடக்கிய குடையும் கையுமாக வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பேச்சுக்கு முன்னால், பையிலிருந்து இரண்டு எல் போர்டுகளை எடுத்து முன்னாலும் பின்னாலும் பசை தடவி ஒட்டிவிட்டாள்.

“எனக்கு லைசென்ஸ் இருக்கு!” என்றார் கோலப்பன்.

“ஞான் பக்கத்தில் இருந்நா எல் போர்டு வேணம். அது எண்டெ நியமம்.”

எல் ஒட்டிய சிவப்புக் கார் கடைத்தெரு வழியாகப் போனபோது, கோலப்பனின் முதலாளி எதிரே வந்தார். நின்று, குனிந்து, கண்ணாடிக்குள் பார்த்து, “என்ன கோலப்பா, இப்பத்தான் படிக்கேரா? நல்லது, நல்லது. எந்த வயசிலயும் படிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனைக்கும் காரணமானவன் மஸ்கட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

கிழக்கேகோட்டையில்தான் பெரிய கூத்து. பச்சை சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு அரசு பஸ், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் நின்றது. கோலப்பன் பயந்து பயந்து நகர்ந்தார்.

“சவிட்டி விடு சாரே! சவிட்டி விடு!” என்று சரோஜம் குடையால் டேஷ்போர்டைத் தட்டினாள்.

நன்றாக மிதித்து வேகமாகப் போ என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் ஆட்டோவில் ஏறிய கைக்குழந்தைக்கும் அது தெரியும். கோலப்பனுக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதானே வரும்! கால் கிளச்சில் இருந்தது. சவிட்டினார். விட்டார்.

வண்டி தவளையாக ஒரு குதி குதித்து நடுரோட்டில் செத்தது. பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, கோலப்பனின் மூன்று தலைமுறையையும் விசாரித்தான்.

“எந்தா சாரே ஈ செய்தது?” என்றாள் சரோஜம்.

“சவிட்டச் சொன்னீங்க, சவிட்டினேன். விடச் சொன்னீங்க, விட்டேன். இதுல எங்க தப்பு? சொல்லுகத ஒழுங்காச் சொல்லத் தெரியாம, கேக்கவன் மேல பாயப்பிடாது!”

சரோஜம் ஒருவழியாகத் தீர்ப்புச் சொன்னாள். சாருக்கு நேரமும் தெரிகிறது, காலும் பழகிவிட்டது. கைக்குத்தான் பலம் போதாது. மூன்றாவது கியர் பயந்த கைக்கு விழாது. தினமும் பழக வேண்டும்.

பழகினார். வீட்டில் சோற்றுப் பானையில் அகப்பையை நட்டுவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளினார். கடையில் கால்களுக்கு நடுவே குடையை நிறுத்தி, மேஜைக்கு அடியில் கிளச்சை மிதித்தார். மிதித்தது எதிரே உட்காரும் சக கணக்கரின் கால் என்பது, அந்த ஆள் நொண்டியபடியே வந்து இடம் மாற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

“எல்லாம் அவனாலதான். வரட்டும்” என்று பல்லைக் கடித்தார்.

தாணுமாலையன் வந்து இறங்கிய அன்று கோலப்பன் வேட்டி கட்டவில்லை. பேன்ட் போட்டு, ஷூ மாட்டி, ஏர்போர்ட் வாசலில் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முன்பக்கத்து எல் போர்டை எப்படியோ சுரண்டி எடுத்தாகிவிட்டது. பின்பக்கத்தது சரோஜத்தின் பசையில் அசையவில்லை.

டிக்கியில் பெட்டியை வைக்கப்போன தாணுமாலையன் கேட்டான்: “அத்தான், இது என்ன எல் போர்டு?”

“ஏறு” என்றார் கோலப்பன்.

கிருஷ்ணவேணியும் கலைச்செல்வியும் பின் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்றாவது, வெண்ணெயாக விழுந்தது. இரண்டாவது, அதைவிட வெண்ணெய். எஞ்சின் சீறியது. கண் ரோட்டில், காது எஞ்சினில், கால் கிளச்சில். நேரம் வந்தது. அவ்வளவு நாள் பழகிய கையால், பயமே இல்லாமல், மூன்றாவதற்குத் தள்ளினார்.

இதுவரை கேட்காத சத்தம் கேட்டது. சட்டி சுரண்டவில்லை, சட்டியே உடைந்தது. ஈஞ்சக்கல் ஜங்ஷன் ஓரமாக வண்டி உருண்டு நின்றது.

தாணுமாலையன் மெதுவாகத் திரும்பினான். “அத்தான், கியர் மாத்தணும்னு அக்காகிட்ட சொன்னேன்லா?”

“சொன்னியே! கடல் தாண்டி இருந்துல்லா சொன்ன!”

“மாத்தலியா?”

“மாத்தலியாவா? கேளு, உங்க அக்காகிட்டயே கேளு! சங்குமுகத்துல மாத்தினேன். கிழக்கேகோட்டையில மாத்தினேன். கடையில கணக்கு எழுதிட்டே மாத்தினேன்!”

“கடையில வச்சா?” தாணுமாலையன் குழம்பினான். “எதுக்கு இத்தன எடத்துல? ஒரு தடவ ஒழுங்கா மாத்தினாப் போரும்லா?”

“கேட்டியா கிருஷ்ணவேணி, உன் தம்பி சொல்லுகத! ஒரு தடவ மாத்தினாப் போருமாம்! நாகர்கோவில் வரைக்கும் ஒரு தடவ மாத்திட்டுக் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கணுமாம்! இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது எவன்?” கோலப்பன் சாவியை உருவி அவன் மடியில் போட்டார். “நீ மாத்துலே! மாத்து, பாப்போம்!”

தாணுமாலையன் இடம் மாறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். தள்ளினான். கர்ர்ர் என்றது. இழுத்துத் தள்ளினான். கர்ர்ர்ர்ர்.

“பாத்தியா!” கோலப்பன் ரோட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். “அவனுக்கும் மாத்தத் தெரியல்ல! தனக்கே தெரியாதத, அத்தானுக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டான்!”

“அத்தான், கொஞ்சம் நில்லுங்க, ஒர்க் ஷாப்புக்குப் போன் பண்ணீட்டு வாறேன்” என்று தாணுமாலையன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான்.

“பண்ணு. எவனுக்கு வேணும்னாலும் பண்ணு.”

திரும்பி வந்து ‘கியர்’ என்று அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் கோலப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார். கிருஷ்ணவேணி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பொங்கியது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. தெரிஞ்ச தொழில, தெரியாதுன்னு சொல்லி என்னை நடுரோட்டுல சிரிக்க வச்சாச்சு. எல் போர்டு ஒட்ட வச்சாச்சு. இனி பால்காய்ச்சும் வேண்டாம், ஒறவும் வேண்டாம். கிருஷ்ணவேணி, எறங்கு. ஆட்டோவில போலாம்.”

கையைக் காட்டினார். வந்த ஆட்டோ சரியாக அவர் முன்னால் நின்றது. அதிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் இறங்கினார். கிள்ளிப்பாலத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பாஸ்கரன். தாணுமாலையனுக்குக் கை தூக்கிவிட்டு, கோலப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“சார்தன்னே அத்தான், அல்லே? புது கியர் பாக்ஸ் வந்து எண்டெ கடையில கெடக்கத் தொடங்கி மாசம் ஒண்ணாச்சு. ‘அத்தான் வண்டி கொண்டு வருவாரு, கியர் மாத்திக் குடுங்க’ன்னு தம்பி அன்னைக்கே போன் செய்து பறஞ்சது... சார் இத்தற நாளும் எவிடெயாயிருந்நு?”