நிலாவில் செத்தவனுக்கு அரியூர் நாட்டில் இழவு

அறுத்த பலாவின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு சாவு வீடு நினைவுக்கு வரும். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. மலைமேல் அரியூர் நாட்டுக்கு நான் பெண் கேட்கப் போயிருந்தேன், அவ்வளவுதான். அவளைத் தவிர யாரையும் கட்டுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ராசிபுரத்தில் நாலு எழுத்துப் படித்த கர்வத்தில், இரும்புப் பறவை ஏறி நிலாவுக்குப் போகும் ஒருவனைப் பற்றி விஞ்ஞானக் கதை எழுதி, இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். (வேட்டிக்கும் அதுதான் பிடிமானம்.) புதுக் கதைக்குள் பழைய நாடகத்தின் ஓர் அடியை ஒளித்துவைத்தால், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துப் புன்னகைப்பார்கள் என்பது என் கொள்கை. ஆகவே நாயகன் நிலாவில் செத்ததும், அவன் மனைவியின் வாயில் எங்கள் பக்கத்துச் சாவுக்கூத்தின் ஒப்பாரியை வைத்தேன். அதைச் சாவு விழுந்த வீட்டில்தான் பாடவேண்டும். தொடங்கினால் சடங்கு முடியாமல் நிறுத்தக்கூடாது. தெரியும். ஆனால் என் சாவு நிலாவில் அல்லவா நடக்கிறது?

பெண்ணின் அப்பா, "படிச்ச புள்ளைங்கறாங்க, எதையாச்சும் படி சாமி, கேப்போம்" என்றார்.

படித்தேன். ராகத்தோடு. "தேரு வருது, தேரு வருது, தேருமேல என் சாமியில்லே..."

கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் புன்னகைக்கவில்லை. பலா அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு, தலைமுடியை அவிழ்த்து, இரண்டாம் அடியை எடுத்தார்கள். எதிர்ச்சரிவுக்குக் கேட்டது. சற்று நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து மேளம் வந்தது, கோடித் துணி வந்தது, பெண்ணின் சித்தப்பா அழுதபடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, உசுரோடவா இருக்கீங்க?" என்றார் பெண்ணின் அப்பாவிடம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? செத்தவன் நெலாவுல கெடக்கறான்."

"அவனுக்குச் சொந்தம் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எழுதினவன்தானுங்க..."

"அப்ப பெத்தவனாட்டந்தான். நீதான் கொள்ளி வெக்கோணும். உக்காரு சாமி."

பெண் கேட்க வந்த இடத்தில் என் மீசையை மழித்தார்கள். பிணம் இல்லாததால் நாற்பது பக்கக் கதையைக் கோடியில் சுற்றி எரித்தேன். என் எழுத்து அப்படிப் பற்றிக்கொண்டது அன்று மட்டும்தான்.

அதன்பிறகு என் கதைகளில் ஒருவரும் சாவதில்லை. விமர்சகர்கள் திட்டுகிறார்கள். என் பிள்ளைகள் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும்.

அன்று நான் கிளம்ப எழுந்ததும் பெண்ணின் அப்பா கையை உயர்த்தினார். "சாவூட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லக்கூடாது. சும்மா நட சாமி." கல்யாணப் பேச்சு முறிந்தது என்று அதற்குப் பொருள். நடந்தேன். வாசல் படலருகே நின்றிருந்த அந்தப் பெண், அதுவரை வாய் திறக்காதவள், மெல்லச் சொன்னாள்:

"ஏனுங்க, அந்த மனுசன் சாகாம ஊடு வந்து சேர்றாப்புல எழுதிக்கிட்டு, வாங்க."