பிரேக்கில் இல்லாத பிடிப்பு

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததன் நோக்கம், என் சைக்கிள் பிறந்த அன்றுதான் நிறைவேறியது. அதற்குப் பிறகு வந்த வாகனங்கள் எல்லாம் வெறும் அவசரம்.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. ஆனாலும் எங்களுக்குள் இருக்கும் பிடிப்பு குறையவில்லை. மனதில் ஒரு பிடிப்பு, முதுகில் ஒரு பிடிப்பு. பிரேக்கில் மட்டும்தான் பிடிப்பு இல்லை. மேட்டில் அதற்கு மூச்சு வாங்குமே என்று இறங்கித் தள்ளுவேன். பள்ளத்தில் நிற்காதே என்று இறங்கித் தள்ளுவேன். சமதரையில் செயின் கழன்றுவிடும். இப்படியாக நாள்தோறும் "சைக்கிளில்" அலுவலகம் போகிறவன் நான்.

இந்த அரும்பணி ஒருநாள் மேலாளரின் கண்ணில் பட்டது. "பசுமை வாரம்" கொண்டாடும்படி தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. வெயிலின் கொடுமையைப் பற்றி விவாதிக்க, ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

"நம்ம ஆபீஸுக்குப் புகை விடாம வர்றவர் இவர் ஒருத்தர்தான்" என்று மேலாளர் என்னைக் காட்டினார்.

"டீ நேரத்துல வாசல்ல நின்னு விடுறாரே சார்" என்றார் தட்டச்சர் அம்மா.

"நான் வண்டியைச் சொன்னேன்மா."

நான் ஒருமனதாகச் "சூழல் காவலர்" ஆக்கப்பட்டேன். கியர் வைத்த புதுச் சைக்கிள் ஒன்று பரிசு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"பழசுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு வாசல்ல நிறுத்திடலாம். கேரியர்ல பூந்தொட்டி வைக்கலாம்" என்றார் மேலாளர்.

"உயிரோடவா சார்?" என்று கேட்டுவிட்டேன். இந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை.

விழா நாள் காலையில் நானும் சைக்கிளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்டேன், துடைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஹேண்டில்பார் நட்டு லூஸ் என்று வெளியார் சொல்லலாம். எனக்குத் தெரியும், அது வருத்தம்.

அலுவலக முற்றத்தில் எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பழைய சைக்கிளில் கடைசியாக ஒரு சுற்று வந்துவிட்டுப் புதியதில் ஏற வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். ஏறினேன். பாதிச் சுற்றில் கண் கலங்கிவிட்டது. முற்றம் சரிந்து முடிகிற இடத்தில் மேலாளரின் புதுக் கார், எந்தப் பொறுப்பும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் என்னைப் பிடிக்கவில்லை.

சைக்கிள் காரோடு நின்றது. நான் அதையும் தாண்டிப் போய் விழுந்தேன்.

முழங்காலில் ரத்தம், சட்டையில் கிழிசல். ஓடிவந்த மேலாளர், "எங்க அடி? எங்க அடி?" என்று பதறினார்.

"என்னை விடுங்க சார். சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

தட்டச்சர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்ட, அது ஓயவே இல்லை. காரில் விழுந்த கீறலைத் தடவிக் கொடுத்துவிட்டு மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"பாசம்னா இதான்யா! இவங்க ரெண்டு பேரையும் பிரிக்க எனக்கு மனசு வரல."

என் சைக்கிள் பூந்தொட்டியிலிருந்து தப்பியது. புதுச் சைக்கிளை என்ன செய்வது என்ற சிக்கலை, அதைத் தன் மகனுக்கு எடுத்துக்கொண்டு மேலாளரே தீர்த்துவைத்தார்.

வெற்றியோடு என் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். மனைவி என்னை உட்காரவைத்துக் காயத்தைக் கழுவினாள். நான் விழாவை ஆதியோடந்தமாக விவரித்தேன்.

"அவ்வளவு வலியிலயும் நான் முதல்ல என்ன கேட்டேன் தெரியுமா?"

"சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டிருப்பீங்க."

புல்லரித்துவிட்டது. ஒரு மனிதனின் உள்ளத்தை இப்படிப் படிக்க மனைவியால் மட்டுமே முடியும்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் மருந்தில் நனைத்த பஞ்சைக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

"போன மழையில மாடிப்படி வழுக்கி, கீழ நிறுத்தியிருந்த உங்க சைக்கிள் மேலயே விழுந்து, கை ஒடிஞ்சு கிடந்தேனே... அன்னைக்கும் ஓடிவந்து முதல்ல இதையேதான் கேட்டீங்க. கைதட்டத்தான் ஆளில்ல."