முதல் மாடியில் முகாம்

சட்டம் தெரியாதவனை மன்னித்துவிடலாம். சட்டத்தை மனப்பாடம் செய்துவிட்டு அரசு வேலைக்கும் வந்து சேர்ந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த இரண்டாவது ரகம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை. நானாகவே சொல்வேன்.) ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பழைய கட்டடங்களைக்கூட எல்லாரும் புழங்கும்படி மாற்றியாக வேண்டும் என்று டீக்கடையில் வகுப்பெடுத்தவன் நான். என் அதிகாரியான மேடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். தேவிபட்டினத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு முகாம் நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கடலோர ஊர்க்காரர்கள் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் டவுனுக்கு அலையாமல், டாக்டரே அவர்களிடம் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

இடம் பிடிக்க ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். கீழே சாப்பாட்டு ஹால். முந்தின நாள் விருந்தின் ரச வாடை இன்னும் போகவில்லை. மாடியில் மேடை, பெரிய மின்விசிறிகள், சன்னலைத் திறந்தால் கடற்காற்று. பேனர் கட்டவும் நல்ல சுவர். "மாடியையே கொடுங்க" என்றேன். மண்டபத்து மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பேரம் பேசாமல் கேட்கிறானே என்று அசந்துவிட்டார் போல என நினைத்துக்கொண்டேன்.

முகாம் அன்று விடிந்ததுமே மேடமும் டாக்டரும் மாடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேனர் கட்டி, மைக்கும் பிடித்தாயிற்று. "காது கேளாதோர் மட்டும் இடப்பக்கம் வரிசையில் நிற்கவும்!" என்று கணீரென்று அறிவித்தேன். ஒருவரும் நிற்கவில்லை. சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை சொன்னேன். (ஆமாம். கூட்டி.)

அரை மணி கழித்து டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, ஒருத்தரையும் காணோமே? இந்தப் பக்கம் மாற்றுத்திறனாளிகளே இல்லையா?"

மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டே பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

முற்றம் நிறைய ஆட்கள். தவழும் பலகைகள், ஊன்றுகோல்கள், பழைய மூன்று சக்கர சைக்கிள்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்திருக்கும் தாய்மார்கள். எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே ஓடினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். பெயர் ஆமினா, அதே ஊர்க்காரர். தரையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர் சேகு காக்கா. (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.) கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அழுத்த மாற்றம் தாக்கி இரண்டு கால்களும் மரத்துப்போயின. அட்டை கிடைத்தால் மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு எழுதிப் போடலாம், மீன் வாங்கி விற்கலாம் என்று வந்திருந்தார்கள்.

"ஏன் தம்பி," என்றார் ஆமினா, "காலு வெளங்கலைன்டு சீட்டு வாங்க வந்துருக்கோம். மாடி ஏறுனாத்தான் தருவீகளா? ஏற முடிஞ்சா அப்புறம் சீட்டு எதுக்கு?"

மூளை உள்ளவன் மேஜையைக் கீழே இறக்கியிருப்பான். எனக்கோ பேனர் நினைவுக்கு வந்தது. அதைவிட, மேடத்திடம் போய் என்ன சொல்வது என்பதும்.

"கவலைப்படாதீங்கம்மா, நானே தூக்கிட்டுப் போறேன்."

"வேணாம் தம்பி. டாக்டர் ஐயாவக் கொஞ்சம் எறங்கி வரச் சொல்லுங்க" என்றார் சேகு காக்கா.

"அட, சும்மா வாங்க காக்கா!"

உப்பு மூட்டையாக ஏற்றிக்கொண்டேன். கடலில் நீந்தி உரமேறிய உடம்பு அவருக்கு. எனக்கோ தேர்வுக்குப் படித்துப் படித்து இளைத்த உடம்பு. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் என் இடுப்பில் ஏதோ 'மளுக்' என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் மேல் சரிந்து, விழாமலிருக்க இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். குறுகலான படி. இனி யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போது என் காதருகே அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கைலி ஏறிப்போச்சு. கொஞ்சம் இழுத்து விடுங்க. பொம்பளையாளுக பாக்குறாக."

இழுத்துவிட்டேன். படித்த பிரிவுகளில் ஒன்றுகூட அப்போது நினைவில் இல்லை.

மேலேயிருந்து மேடத்தின் குரல். "என்னப்பா பண்ற அங்கன?"

"மேடம்... அணுகல் வசதி, மேடம்."

டாக்டர்தான் இறங்கி வந்தார். எங்களுக்கு மேல் படியில் உட்கார்ந்து, அங்கேயே காக்காவின் பாதத்தைத் தட்டிப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தார். பிறகு "மேஜையெல்லாம் சாப்பாட்டு ஹாலுக்குப் போகட்டும்" என்றார்.

காக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினார்கள். அடுத்து என்னை. நாற்காலி சாயும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. "தலைப்பக்கம் தூக்கு", "இவரு காலை மடக்கு" என்று நம் தலைக்கு மேலேயே பேசிக்கொள்கிறார்கள். நம்மிடம் ஒருவரும் கேட்பதில்லை. ஆமினா மட்டும் "அந்தத் தம்பியவும் பதனமா எறக்குங்கப்பா" என்றார். முற்றமே சிரித்தது. எனக்கு அந்த ரச வாடைக்குள்ளேயே மறைந்துவிடலாம் போலிருந்தது.

திருந்திவிட்டேன் என்றுதான் நம்பினேன். சில வருடம் கழித்து சொந்த ஊரான சிக்கலில் வீடு கட்டினேன். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலை நன்றாக உயர்த்தி, படியெல்லாம் வழுவழுவென்று கிரானைட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹார்ன் சத்தம். மூன்று சக்கர ஸ்கூட்டரில் சேகு காக்கா. பின்னால் ஆமினா. மகள் நிக்காஹ் பத்திரிகையோடு, என் அலுவலகத்தில் விலாசம் கேட்டு அத்தனை தூரம் வந்திருந்தார்கள்.

"உள்ள வாங்க காக்கா!" என்றேன் உற்சாகமாக.

அவர் படிகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்க வெளிய வாங்க தம்பி. தூக்குறேன்னு மட்டும் சொல்லிராதீக."

ஆமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் மனைவிக்கு அன்றுதான் முழுக்கதையும் தெரிந்தது. வீட்டு நாற்காலிகளைத் தெருவில் போட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தோம். அய்யா, அதாவது என் அப்பா, குனிந்த தலை நிமிராமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை அடக்கும் விதம் அது.

மறுவாரம் கொத்தனார் வந்தார். கிரானைட்டை உடைத்து, தெருவரை நீளமாகச் சாய்தளம் போட்டோம். இப்போது அதில் பக்கத்து வீட்டு ஆடுகள் படுத்துக்கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆட்டைத் தாண்டி உள்ளே வந்து, "எதுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா முந்திக்கொள்வார்.

"எம்மவன் சட்டம் படிச்சவன்ல? அதான், ரெண்டு தடவை கட்டுனோம்."