கை நனைத்த சமூகவியல்

"...அவருதானுங்க பெரீப்பா சாப்பிட்டாரு. நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலீங்களே."

இதைச் சொன்னவர் சுகன்யா. தாராபுரத்தில் நான் பெண் பார்க்கப் போன வீட்டுப் பெண். அவர் சொன்ன நேரத்தில் நான் அந்த வீட்டு இலைக்கு முன்னால், வாய் நிறையச் சந்தகையோடு (எங்கள் ஊர் இடியாப்பம்), கொங்கு நாட்டிலேயே அதிகம் படித்த முட்டாளாக உட்கார்ந்திருந்தேன்.

அதிகம் படித்த என்றால், ஒரு புத்தகம். சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, உக்கடம் பழைய புத்தகக் கடையில் குடும்பத்தைப் பற்றிய சமூகவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. கடைசி அத்தியாயங்கள் கிழிந்து போயிருந்தன. (எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.) குடும்பம் சமுதாயத்துக்கு நுரையீரல் மாதிரி, அது பாட்டுக்கு வேலை செய்கிறது என்கிறது ஒரு தரப்பு. சொத்தையும் அதிகாரத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் ஏற்பாடு என்கிறது இன்னொன்று. பெண்களின் கூலியில்லாத உழைப்பில்தான் மொத்த வண்டியும் ஓடுகிறது என்கிறது மூன்றாவது. எனக்கு மூன்றுமே சரியென்று பட்டது. அம்மா காபி கொடுத்தால், "அம்மா, இது கூலியில்லாத உழைப்பு" என்பேன். "செரி, குடிச்சுப்போட்டு டம்ளரைக் கழுவி வெய்யி" என்பார். ஆராய்ச்சி அந்த இடத்தில் நின்றுவிடும்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். இலை போட்டுச் சாப்பிட மட்டும் கூடாது. சாப்பிட்டால் 'கை நனைத்தாயிற்று'. அதாவது முழுச் சம்மதம். "ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க" என்று அவர்கள் கூப்பிடுவது மரியாதை. "ஆகட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்று நாம் நழுவுவது பதில் மரியாதை. சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

சுகன்யா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், அவருடைய பெரியப்பா வினையை விலைக்கு வாங்கினார். "ஏனுங் மாப்பிள்ளை, ரொம்ப அமைதியா இருக்கறீங்க?"

"குடும்பம்ங்கறது ஒரு சமூக நிறுவனமுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அப்பிடீங்களா? அப்ப ஜிஎஸ்டி கட்டோணுங்களா?"

சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டு, "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டே பேசலாமுங்க" என்று எழுப்பினார். கூடத்தில் என்னோடு வந்திருந்த அம்மா பதில் மரியாதையை முறைப்படி சொல்லிக்கொண்டிருந்தார். நானோ மூன்றாவது தரப்பில் மும்முரமாக இருந்தேன். பேசிக்கொண்டே நடந்தேன், பேசிக்கொண்டே கை கழுவினேன், பேசிக்கொண்டே மேசையில் போட்டிருந்த இலை முன்னால் உட்கார்ந்தேன்.

"ரெண்டு குடும்பம் பேசிக் கல்யாணத்தை முடிச்சுப்போடுதுங்க. சம்பந்தப்பட்ட ஆளை ஒரு வார்த்தை கேக்கறதில்லீங்க." சுகன்யாவின் அம்மா ஆவி பறக்கச் சந்தகை வைத்தார். "பொம்பளைங்க உழைப்புக்கு... இன்னுங் கொஞ்சம் போடுங்க... மதிப்பே இல்லீங்க." அவர் தேங்காய்ப்பால் ஊற்றினார்.

வாசற்படியில் என் அம்மா தெரிந்தார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட முகம்.

"கண்ணு..." என்றார், குரலே வராமல்.

"கை நனைச்சுப்போட்டாருங்க மாப்பிள்ளை!" பெரியப்பா கை தட்டினார். "ஆராச்சும் சக்கரை கொண்டாங்க!"

"சந்தகை பலகாரமுங்க! சோறு இல்லீங்களே!" அம்மா கடைசியாகப் போராடிப் பார்த்தார்.

"ஏனுங்க, எலை போட்டாச்சு. மறுக்கா வேற கேட்டு வாங்கியாச்சு. பலகாரத்தை ஆராச்சும் இப்பிடித் திம்பாங்களா?" என்றார் பெரியப்பா.

அம்மா என் இலையைப் பார்த்தார். வாதம் அங்கேயே தோற்றது. ஒருவர் ஃபோனை எடுத்து உறவுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். ஆவணியா தையா என்று பேச்சு போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு வார்த்தை கேட்கப்படாத அந்த ஆள் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய கல்யாணத்தை இரண்டு கவளத்தில் முடித்து வைத்தவன் நான்.

சுகன்யா வெளியே வந்து, 'நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலீங்களே' என்று சொன்னது அப்போதுதான்.

"மாப்பிள்ளையே சம்மதிச்சுட்டாரு அம்மணி, இன்னென்ன?" என்றார் பெரியப்பா.

"ஆளைக் கேக்கோணும்னு அவரேதானுங்க சொன்னாரு. உள்ளார வரைக்கும் கேட்டுச்சு." என் பக்கம் திரும்பினார். "கேளுங்க."

என் புத்தகத்தில் மூன்று தரப்பு உண்டு. இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒரு தரப்பும் எழுதியிருக்கவில்லை. (கிழிந்துபோன அத்தியாயத்தில் இருந்திருக்கலாம்.) வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"உங்களுக்கு... என்னையக் கட்டிக்கறதுக்குச் சம்மதமுங்களா? இல்லீன்னாலும் ஒண்ணுமில்லீங்க. பசியில தின்னுபோட்டான்னு ஊருக்குள்ள சொல்லிக்கலாமுங்க."

இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "பாத்துச் சாப்பிடுங்க, இங்கயும் எதாச்சும் முடிவாகிரப் போவுது" என்று சொந்தக்காரர்கள் என்னைச் சீண்டுவார்கள். சுற்றி இருக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

சுகன்யா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கொரு இலையை விரித்து, சந்தகையைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். தேங்காய்ப்பால் பாத்திரத்தை என் பக்கமாகத் தள்ளி, "ஊத்துங்க" என்றார்.